மாட்டுக்கு ஆள் வைக்கிற மகனுக்கு

தம்பி, உன் கடுதாசி வந்து நாலு நாளாகிறது. அம்மா ஏன் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். எனக்கு எழுத்து வேகமாக வராது, ரெண்டாம் வகுப்போடு நின்றவள், அது உனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை கை ஓடாததற்குக் காரணம் அது இல்லை. மருமகளைப் பிரசவத்துக்கு ஈப்போவில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு, பிள்ளை பிறக்கிற வரைக்கும் கூட இருந்து வரப்போகிறாய், நல்லது. புக்கிட் தெங்காவில் உன் ஆறு மாட்டையும் அந்தப் பதினைந்து நாளும் பார்த்துக்கொள்ள, பால் கறந்து வீட்டுக்கு வீடு ஊற்ற, கோவிந்தன் என்று ஒரு ஆளைப் பேசியிருப்பதாக எழுதியிருக்கிறாய். அதுவும் நல்லது. எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, அதுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். “பாதியை இப்பக் கொடுத்துட்டு, மீதியை நான் திரும்பி வந்து மாட்டைப் பார்த்துட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்மா, நீ செய்ற மாதிரி.” அந்தக் கடைசி மூணு சொல்லில்தான் நாலு நாளாக நிற்கிறேன்.

நான் அப்படித்தான் செய்வேன் என்று நீ பார்த்திருக்கிறாய். கூரை வேய வருகிறவனுக்கும் பாதி, கிணறு தூர் வாருகிறவனுக்கும் பாதி. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நீ பிறந்த வருசம், புல்லு அறுக்க ஒரு ஆள் வைத்து, பாவம் கஷ்டப்படுகிறவன் என்று மாசச் சம்பளத்தை முன்னாடியே கொடுத்தேன். மூணாம் நாள் அரிவாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். உங்கப்பா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பிடி அது. ஆனால் அந்தப் பழக்கம் ஒரு மனுசனை என்ன செய்தது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உங்கப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து இன்றோடு மூணு மாசம் ஆகிறது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான் கழுவுகிறேன். இனி இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறபோது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம்ம வீட்டில் முன்னாடி ஒரு நொண்டி மாமா இருந்தார், சின்னையா என்று, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஏழு வயசு. ஜப்பான்காரன் ஆண்டுகொண்டிருந்தான். நாம் டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னாடி, அந்தப் பலகை வீட்டில் இருந்தோம். கொட்டகையில் ரெண்டு மாடு, வெள்ளச்சி கறவையில், செவலை சினையாக. டின் பால் வருவது நின்றுபோன காலம். முனையில் இருந்த கோப்பிக் கடைக்காரனுக்குக் கொஞ்சம், அடுத்த சந்தில் இருந்த, ஆபீசில் எழுத்து வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுக்குக் கொஞ்சம். கிராணி சம்சாரத்துக்குத் தாய்ப்பால் வற்றிப்போய், நம்ம வெள்ளச்சி பாலில்தான் அந்தக் கைக்குழந்தை கிடந்தது. நோட்டாகக் கொடுத்தால் நான் வாங்குவதில்லை, ஜப்பான்காரன் அடித்த அந்த வாழைமர நோட்டுக்குக் கடையில் ஒன்றும் கிடைக்காது. அரிசி, உப்பு, ஒரு துண்டுத் துணி, இப்படித்தான் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் நாம் உயிரோடு இருந்தோம்.

உங்கப்பா அப்போது நம்மோடு இல்லை. சயாமில் ரயில் பாதை போட நம்ம ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த உங்க அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஆள் பிடிக்க வந்தால் ரப்பர் காட்டுக்குள் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. சின்னையா மட்டும் ஜாலான் ஜாலானாக, தெருத் தெருவாகத் தைரியமாக நடப்பார். நாப்பது வயசு இருக்கும். மாட்டு வண்டி ஓட்டினவர், வண்டி கவிழ்ந்து வலது கால் முட்டிக்குக் கீழே கோணலாகப் போய்விட்டது. அவரை ரெண்டு தடவை பிடித்து, நடந்து காட்டச் சொல்லி, வேண்டாம் என்று விரட்டிவிட்டார்கள். “எல்லாரும் பிடிபடாம இருக்கக் கையில சீட்டு வச்சிக்கிட்டு அலையிறாங்கக்கா, எனக்கு என் காலுதான் சீட்டு”ன்னு சொல்லிக் காலைத் தூக்கிக் காட்டுவார். நீ அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி என்னிடம் அடி வாங்கினாய். அவர் உன்னைத் திட்டவில்லை. “கோணல் இந்தப் பக்கம்டா, நீ அந்தப் பக்கம் நடக்கிற”ன்னு திருத்தினார்.

மரவள்ளிக் கிழங்கு விற்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்திதான் சேதி கொண்டுவந்தாள். உங்கப்பாவுக்குக் குளிர்க்காய்ச்சல், அத்தை தனியாகச் சமாளிக்கிறாள், உடனே வா என்று. மாட்டை என்ன செய்வது? கறவை மாட்டை ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கட்டிப்போகும், கிராணி வீட்டுக் குழந்தைக்கும் பால் இல்லை. சின்னையாவைக் கேட்டேன். நாலு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், நாலு டின் அரிசியும் ஒரு கைலியும் தருகிறேன் என்றேன். புதுக் கைலி அது, கட்டம் போட்டது, கோப்பிக் கடைக்காரன் ஒரு மாசப் பாலுக்குக் கொடுத்தது. அப்போது துணி என்பது தங்கம். சின்னையா இடுப்பில் அரிசிச் சாக்கைக் கிழித்துக் கட்டியிருந்தார், நடக்கும்போது தொடையெல்லாம் உரசிப் புண்ணாகியிருந்தது. அரிசியைவிடக் கைலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு டின் அரிசியை அளந்து கொடுத்தேன். கைலியை எடுத்து மறுபடியும் பெட்டியில் வைத்தேன்.

“அக்கா, அரிசியைக்கூட அப்புறம் குடுங்க. கைலியை இப்பவே குடுத்தீங்கன்னா கட்டிக்குவேன் லா. கிராணியம்மா முன்னாடி இந்தச் சாக்கோட போயி நிக்கணும்.”

“வந்து தரேன். மாடும் நீங்களும் இங்க இருந்தா கைலி எங்க போயிடப்போகுது?”

“நான் எங்கக்கா ஓடப்போறேன், இந்தக் காலை வச்சிக்கிட்டு?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. அரிவாளோடு போனவன் முகம்தான் எனக்குத் தெரிந்தது, என் முன்னாடி நின்ற மனுசன் முகம் தெரியவில்லை. தம்பி, நான் செய்த தப்பில் முதல் தப்பு இது.

ரெண்டாவது தப்பு கயிறு. நம்மவர்கள் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை, வாங்குகிறவன் தன் கயிற்றோடு வருவான், பழைய கயிறு நம்ம வீட்டில் தங்கும். நீயும் அப்படித்தான் செய்கிறாய். மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கும்போது மட்டும்தான் கயிற்றைக் கையில் கொடுக்கிறோம். நான் ரெண்டு கயிற்றையும் எடுத்துச் சின்னையாவின் வலது கையில் கொடுத்து, அவர் கையை மூடி, “யாரு வந்து கேட்டாலும் இதை விடாதீங்க. நான் வந்து உங்க கையில இருந்துதான் வாங்கிக்குவேன்” என்றேன். ஊரில் திருட்டு அதிகம், அதை நினைத்துச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். “இந்தக் கையில இருந்து உங்க கைக்குத்தான்கா” என்றார். மாட்டின் மேல் அப்படிச் சொல்லிவிட்டால் அது சத்தியம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளச்சி வேற்றுக் கைக்குப் பால் இறக்காது. அதனால் என் பழைய சேலை ஒன்றை அவர் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னேன், வாசத்துக்கு. நான் போவதற்கு முன்னாடி ரெண்டு வேளை அப்படியே கறந்து பழகினார். பக்கத்து வீட்டில் தவ்கே என்கிற பயறு முளை போட்டு விற்கிற சீனத்தி, நாம் ஆ சிம் என்று கூப்பிடுவோமே, அவள் வேலி மேலே எட்டிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். “என்னைப் பொம்பளையா ஆக்கிட்டாங்க ஆ சிம், இனிமே மாப்பிள்ளை பாருங்க” என்று மலாயில் சொன்னார். கிளம்புகிறபோது, நான் கொடுத்த ரெண்டு டின் அரிசியைத் துணியில் முடிந்து என்னிடமே நீட்டினார். அவர் சம்சாரம் பாக்கியம் நிபோங் திபால் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தாள். “நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க, குடுத்துடுங்கக்கா. எனக்குக் கிழங்கு இருக்கு.” அப்போதாவது என் மனசு இளகியிருக்கலாம். இளகவில்லை. நான் நினைத்தது சரிதான், மிச்சம் என் பெட்டியில் இருக்கிறவரைக்கும் மாட்டை விட்டுப் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பாக்கியத்தை லயத்தில் பார்த்தேன். ஒல்லியாக, பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அரிசி முடிச்சை அவிழ்க்கவில்லை, முகர்ந்து பார்த்தாள். முதலில் கேட்டது இதுதான்: “கட்டிக்கத் துணி இருக்காக்கா அவருக்கு?” நான் சொன்னேன், “கைலி ஒன்னு வச்சிருக்கேன் பாக்கியம், புதுசு.” அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், எனக்கு உரிமை இல்லாததை.

உங்கப்பாவின் காய்ச்சல் நாலு நாளில் இறங்கவில்லை. ஒன்பது நாள் ஆனது. நீ கட்டிலுக்குக் கீழே படுத்து, “அப்பா உடம்பு ஏன் கட்டிலை ஆட்டுது”ன்னு கேட்டாய். மாட்டைப் பற்றிய கவலை எனக்கு வந்தது, சின்னையாவைப் பற்றி வரவில்லை. பாதி என் பெட்டியில் இருக்கிறது, எங்கேயும் போகமாட்டார் என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தக் காய்ச்சலிலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

பத்தாம் நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு படகேறி வந்து சேர்ந்தேன். கொட்டகை காலி. சாணி காய்ந்து கிடந்தது. ஆ சிம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன், நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலையில், கிராணி வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாராம். ஒரு லோரி வந்து நின்றது. ரெண்டு சிப்பாய். அவர்களுக்கு மாடு வேண்டும், இறைச்சிக்கு. சின்னையா கும்பிட்டார், என் வீட்டைக் காட்டினார், விரலை எண்ணிக் காட்டினார், வந்துவிடுவார்கள் என்று. ஒருத்தன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். இவர் ரெண்டு கயிற்றையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடித்தான். கீழே விழுந்தார். விடவில்லை. ஆ சிம் பயத்தை மறந்து வேலிக்கு வெளியே வந்து, “லெப்பாஸ், லெப்பாஸ்” என்று கத்தினாளாம், விட்டுவிடு, விட்டுவிடு என்று. தோளில் என் சேலை, இடுப்பில் சாக்கு, மண்ணில் கிடந்தபடி அவளைத் திரும்பிப் பார்த்து, “சாரோங் பெலும் டாப்பாட், ஆ சிம்” என்றாராம். கைலி இன்னும் வாங்கலையே, ஆ சிம்.

பயத்தில் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் இத்தனை வருசமாகத் தெரியவில்லை. அந்தச் சிப்பாய் சலித்துப்போய் இன்னொருத்தனிடம் ஏதோ சொன்னான். மாட்டோடு சேர்த்து அவரையும் லோரியில் ஏற்றினார்கள். நொண்டி வேண்டாம் என்று ரெண்டு தடவை விட்டவர்கள், மாடு மேய்க்க ஆள் ஆகும் என்று அன்றைக்கு வேண்டும் என்றார்கள்.

நான் அன்றைக்கே அந்தச் சிப்பாய்களின் முகாம் வாசலுக்குப் போனேன். விரட்டினார்கள். மறுநாளும் போனேன். மூணாவது நாள் போகவில்லை. உன்னை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எத்தனை நாள் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தானா என்று இப்போது கேட்டால், பயம்தான். கிராணி வீட்டுக் குழந்தை அதற்கப்புறம் பிழைத்ததா என்று நீ கேட்காதே. அந்தச் சந்து வழியாக நான் ரொம்ப நாள் போகவில்லை.

ஜப்பான்காரன் போனபிறகு சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருத்தர் சொன்னார், முகாமில் மாடு பார்த்துக்கொண்டு ஒரு கால் கோணலானவர் இருந்தார், பினாங்கு ஆள் என்று சொல்வார், வாந்திபேதியில் போய்விட்டார் என்று. அதைக் கேள்விப்பட்டுப் பாக்கியம் நம் வீட்டுக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உங்கப்பா திரும்பி வந்திருந்தார், உள்ளே உட்கார்ந்திருந்தார். அவள் அழவில்லை. வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

“நீங்க போறப்ப அவருகிட்ட என்னக்கா சொல்லிட்டுப் போனீங்க?”

“யாராச்சும் வந்தா மாட்டை விட்டுட்டு ஓடிடுங்கன்னுதான் சொன்னேன் பாக்கியம்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே உங்கப்பா இருமுகிற சத்தம் கேட்டது. 

“அந்தக் கைலி?”

“கட்டிக்கிட்டுத்தான் போனாரு.”

“அதாச்சும் ஒழுங்கா இருந்துச்சே,” என்றாள். அப்புறம் அவள் குரல் மாறியது. “நீங்க விட்டுடுன்னு சொல்லியும் விடலையே அந்த மனுசன். ஊரான் மாட்டுக்காக என்னை அம்போன்னு விட்டுட்டாரே. அவருக்கு நான் என்னக்கா கொறை வச்சேன்?”

பெட்டி எனக்குப் பின்னாடி, நாலு அடியில் இருந்தது. திறந்து காட்டியிருந்தால், அவர் ஏன் கயிற்றை விடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். வீம்பு இல்லை, மாட்டின் மேல் ஆசை இல்லை, நான் வாங்கின சத்தியமும் நான் பிடித்து வைத்த துணியும்தான் என்று. நான் திறக்கவில்லை. ரெண்டு டின்னுக்குப் பதிலாக ஆறு டின் அரிசி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, தன் புருசனைத் திட்டிக்கொண்டே போனாள். செத்தவரைச் சம்சாரமே திட்டும்படி செய்தவள் நான். உயிரைக் காலம் எடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் நல்ல பேரைப் பறித்தது நான்தான்.

அவள் போனபிறகு உங்கப்பா, “ஏன் அப்படிச் சொன்ன?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் அரிசி டின்னை மூடிவைக்கப் போனேன், அவரும் மறுபடி கேட்கவில்லை. தான் காய்ச்சலில் படுத்ததால்தானே இத்தனையும் என்று அவருக்கும் உள்ளே இருந்திருக்கும். ஒரு மழைக்காலத்தில் துணி ஒன்றும் காயாமல், பெட்டியில் கையை விட்டு அந்தக் கைலியை வெளியே எடுத்தார். என்ன என்று தெரிந்ததும் மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு, ஈரத் துணியையே கட்டிக்கொண்டார்.

தம்பி, நான் ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. அந்த லோரி வந்தபோது நான் இருந்திருந்தால் கயிற்றை விட்டிருப்பேன். அழுதுகொண்டே விட்டிருப்பேன். அது என் மாடு, விடுகிற உரிமை எனக்கு இருந்தது. அவருக்கு அந்த உரிமையை நான் கொடுக்கவில்லை. கூலிக்குப் பார்க்கிறவன் கையில் இருக்கிற மாடு, சொந்தக்காரன் கையில் இருப்பதைவிடக் கனமானது. இதை நீ கொட்டகையில் நிற்கும்போது யோசித்துப் பார்.

அதனால் கோவிந்தனுக்குப் பதினைந்து நாள் கூலியையும் முன்னாடியே முழுசாகக் கொடுத்துவிடு. ஒரு நாளைக்குக் கூலி எத்தனை வெள்ளி என்று அங்கே நாலு பேரிடம் கேட்டு, அதற்கு மேலே ஒரு வெள்ளி சேர்த்துக் கொடு. வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் ஓடட்டும், ஓடினவன் உயிரோடு இருப்பான். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேள். மாட்டுக்குத் தவிடு எவ்வளவு என்று சொல்கிற அதே வாயால் அதையும் கேள். கயிற்றைக் கையில் கொடுக்கும்போது அவன் சம்சாரத்தையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்: வெள்ளம் வந்தாலோ, தீப்பிடித்தாலோ, எவனாவது கத்தியோடு வந்தாலோ அவிழ்த்துவிட்டுப் போய்விடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று. இப்போது லோரி வராது என்று நீ சொல்வாய். வராதுதான். ஆனாலும் சொல். நீ சொன்ன நாளுக்கு மேலே ஒரு நாள் ஆகும் போலிருந்தால், அவனுக்குத் தந்தி அடி.

பாக்கியம் இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள் என்று போன மாசம் பாசாரில் காய் வாங்குகிறபோது ஒருத்தி சொன்னாள். கண் சரியாகத் தெரியவில்லையாம். இன்னும் அவரைத் திட்டுகிறாளாம், பேச்சுக்குப் பேச்சு மாட்டுக்காகப் போனவர் என்பாளாம். உங்கப்பா காரியத்தன்று எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, அவர் எவ்வளவு நல்லவர் என்று சொன்னார்கள். அந்த ஒரு ஆறுதலை நான் அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஈப்போவிலிருந்து திரும்பினதும், பிள்ளை முகத்தை எனக்குக் காட்டினதும், ஒரு நாள் என்னை நிபோங் திபாலுக்குக் கூட்டிக்கொண்டு போ. நீ வெளியே நின்றால் போதும், பேச வேண்டியது நான். அவள் என்னை அடித்தால் தடுக்காதே.

கைலியை நேற்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இருபது வருசம் மடித்தே இருந்ததில் மடிப்பு ஓடின இடமெல்லாம் சாயம் போய் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. ஒரு நாளும் யாரும் கட்டாத துணி என்று பார்த்தாலே தெரிகிறது. அவளுக்குக் கண் தெரியாது என்றாலும் விரலால் தடவினால் தெரியும். துவைக்காமல் அப்படியேதான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

அம்மா